சீட்டு என்றாலே சூதா?

1993-இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' முதலான சேகரிப்பு அட்டை ஆட்டங்கள் இந்திய நகரங்களிலும் மெல்ல வேரூன்றி வருகின்றன. ஆனால், சீட்டு என்றாலே சூதாட்டம் என்று ஐயுறும் சமூகத்தில், போட்டி நடத்த அரங்கம் கிடைப்பதே அரிது.

அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. உறையைப் பிரிக்கும்வரை உள்ளிருக்கும் அட்டை எதுவெனத் தெரியாத விற்பனையில் அதிர்ஷ்டத்தின் சாயல் உண்டு. ஆட்டத்தின் இயல்போ வேறு: தனது கட்டை ஆட்டக்காரரே திட்டமிட்டு அமைக்கிறார், சதுரங்கத்தைப் போன்று சுவிஸ் முறையில், முதல் சுற்றில் தோற்றவரும் தொடர்ந்து ஆடுகிறார்.

1967-இல் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்ற உச்ச நீதிமன்றம், பணயம் வைத்து ஆடுவதில் இடம் தருபவர் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. போட்டி அமைப்பாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது பகுதியைத்தான். நுழைவுக் கட்டணம் எதற்குச் செலவானது என்பதை அவர்கள் அறிவிக்க வேண்டும். ரொக்கப் பரிசைத் தவிர்க்க வேண்டும். பெற்றோரைப் பார்வையாளர்களாக அழைக்க வேண்டும். அரங்கக் கதவுகள் அப்போதுதான் தயக்கமின்றித் திறக்கும்.