சத்தம் ஏறுது, பிஸ்டன் போகுது!

1996-லேயே தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐ இன்னமும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள் காலேஜ் பசங்க. வாங்கியதும் முதல் வேலை, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு கார்புரேட்டர் வாயில் ஒரு கூம்பு ஃபில்டரைச் சொருகுவது. உர்ர்ர்ரென்று சத்தம் வரும். உடனே பவர் ஏறிவிட்டதாம்!

ஏறியது காற்று மட்டும்தான் சாமி. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் பழையதேதான். பி.காம். படிக்கிறவனுக்குக் கூடவா இது உறைக்கவில்லை? பற்றை மட்டும் எழுதி வரவை விட்டால் பேரேடு எப்படி டேலி ஆகும்?

"ஏர் ஸ்க்ரூவை அரைச் சுத்து திருப்பினா போதும் தம்பி" என்பார் மெக்கானிக். போதாது. அந்த ஸ்க்ரூவும் பைலட் ஜெட்டும் ஐடிலிங்கிலிருந்து கால் திருகல் வரைதான் பேசும். நடுவில் ஊசியும் அதன் கிளிப்பும். முழுசாக முறுக்கினால் மெயின் ஜெட்தான் ராஜா. அதை மாற்றாமல் பைபாஸில் பறந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பின் சக்கரம் அப்படியே லாக்! பின்னால் லாரி வந்தால்...?

பெரிய மெயின் ஜெட் போட்டு, காலி ரோட்டில் முழு முறுக்கில் ஓட்டி, அதே வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் இன்னும் பெரிய ஜெட். கரியாக இருந்தால் சின்னது. சாக்லேட் நிறம் வரும்வரை இதே வேலைதான்.

இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பழைய பெட்டியையே திருப்பி மாட்டலாம். (தூக்கிப் போட்டாயிற்றா? காயலான் கடையில் தேடவும்.)