ஆற்காட்டுப் பாட்டுக்கு வானொலியில் இடம் எங்கே?

தமிழ்நாட்டில் பொதுத்துறை வானொலி நன்றாக இயங்கிய இடங்களைப் பார்த்தால், நிலையம் எந்த மண்ணில் நின்றதோ அந்த மண்ணின் பாட்டும் அதில் கேட்டிருக்கிறது. திருநெல்வேலி வானொலி என்றதும் வில்லுப்பாட்டை நினைப்பவர்கள் இன்றும் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் தலைகாட்டும் முன்பே வானொலி வழியாக அறியப்பட்ட நாட்டுப்புறப் பாடகி. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் தொடங்கப்பட்டதும் நாகர்கோவிலில்தான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றோரம் நீளும் தோல் தொழில் வட்டாரத்துக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே அது பெரும்பாலும் சென்னையின் தேர்வைக் கேட்டு வளர்ந்தது. கர்நாடகக் கச்சேரி, மெல்லிசை, திரைப்பாட்டு மூன்றும் வேண்டியவைதான். ஆனால் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவதையே பன்முகம் என்று கணக்குக் காட்டக் கூடாது. உள்ளூரில் விளையும் இசைக்கு நிகழ்ச்சி நிரலில் நிலையான நேரம் வேண்டும்.

அப்படி இங்கே என்ன விளைகிறது? திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் விடிய விடியக் கூத்து. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் சேர, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் அந்த வடக்கத்திப் பாணிக்குத் தனி ருசி. ஆற்காடு திப்பு அவுலியா தர்கா இருக்கும் இதே வட்டாரத்தில்தான் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்களும், நாத், கவ்வாலி கேட்டு வளர்ந்த தலைமுறைகளும் இருக்கின்றன. காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் வாழ்ந்த சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950) திருப்புகழைப் பாடிப் பாடியே மக்களிடம் கொண்டுசென்றார். ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகளில் தமிழ்க் கீர்த்தனைகள், ஜவ்வாதுமலையில் மலைவாழ் மக்களின் பாட்டு. பிறகு பறை. வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறுகையில் சிண்டுக்குச்சியுமாக அடிக்கும் அடிகளில் எத்தனையோ வகை. தோலை உலகச் சந்தைக்கு அனுப்பும் ஊர், தோல் கருவியின் இசையைத் தன் வானொலியில் கேட்க முடியாதிருப்பது வேடிக்கைதான்.

ஜனங்கள் கேட்பது சினிமாப் பாட்டைத்தானே, அதைக் குறைத்தால் வானொலியை யார் கேட்பார்கள் என்பது முதல் ஆட்சேபம். இதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டை ஓரங்கட்டியதும் கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பிவிட்டார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஆகவே திரைப்பாட்டை விரட்டச் சொல்வது மடமை. ஆனால் அந்தக் காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1940இல் வானொலியிலிருந்து விலக்கப்பட்ட ஆர்மோனியத்துக்கு 1971இல்தான், அதுவும் நிபந்தனைகளோடு, கதவு திறந்தது. சுருதி நுட்பம் கெடும் என்று சொல்லப்பட்ட காரணத்தில் சாஸ்திரிய இசைக்கு நியாயம் இருக்கலாம். ஆர்மோனியம் இல்லாமல் கூத்து ஏது, கவ்வாலி ஏது? ஒரு ரசனையை எல்லோருக்கும் அளவுகோலாக்கியதில், கேட்பவரின் விருப்பமும் அடிபட்டது, எளிய மக்களின் கலையும் அடிபட்டது. இன்று அளவுகோல் சாஸ்திரியத்திலிருந்து சினிமாவுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சினிமாப் பாட்டைத் தர தனியார் பண்பலைகள் இருக்கின்றன. விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் அவை கூத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை என்று குறைசொல்ல முடியாது. வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு அந்தச் சாக்கு இல்லை.

யூடியூபில் எல்லாம் கிடைக்கிறதே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான், முழு இரவுக் கூத்தே அங்கே கிடக்கிறது. ஆனால் தேடத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். கவ்வாலி கேட்பவருக்குக் கவ்வாலியையும், கூத்துக் கேட்பவருக்குக் கூத்தையும்தான் அது மேலும் மேலும் நீட்டும். பக்கத்துத் தெருவின் பாட்டைத் தேடாமலே காதில் போடுவது வானொலியால் முடியும். காலை பக்திப் பாடல் நேரத்தில் நாகூர் ஹனீபாவை எல்லா மதத்தினர் வீட்டிலும் ஒலிக்கவிட்டது அதுதான். அந்த நேரத்தில் தமிழ் இஸ்லாமியப் பாட்டுக்குக் கிடைத்த இடம் ஆம்பூரின் உருதுப் பாட்டுக்கும், பறைக்கும் ஏன் கூடாது? சாதி, மத உரசல் வரும் என்று தயங்குகிறவர்கள் இந்த உதாரணத்தை யோசிக்கலாம்.

பணம் இல்லை என்ற பதிலும் வரும். புது நிலையம் கட்ட வேண்டியதில்லை. வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும், பாரதம் நடக்கும் ஊர்களுக்கும் ஒலிப்பதிவுக் குழுவை அனுப்பலாம். கலைஞருக்கு முறையான சன்மானம் கொடுக்கலாம். பதிவானதை, ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் விட்டு ஆட்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் வாரம் இரண்டு முறையாவது ஒலிபரப்பலாம். பின்னிரவில் யாரும் கேட்காத நேரத்தில் போட்டுவிட்டு, பார்த்தீர்களா, ஆதரவே இல்லை என்று கைவிரிப்பது மட்டும் வேண்டாம்.