பங்களாவுக்கு வரிச்சலுகை, லயத்துக்கு என்ன?

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏறக்குறைய ஒரே காலத்துக் கட்டடங்கள் மூன்று வகை உண்டு. மேட்டில் துரை பங்களா, கீழே ஸ்டோரு, சரிவில் லயம். நூரி, மியனாவிட்ட, உடபாகை, மாலிபொட என்று எங்கு போனாலும் இதுதான் காட்சி. மூன்றுமே வெள்ளைக்காரன் காலத்தவை. ஆனால் “மரபுரிமைக் கட்டடம்” என்ற பேச்சு எழும்போது முதல் இரண்டும்தான் கணக்கில் வருகின்றன.

பழைய கட்டடங்களை விடுதியாகவோ கடைத்தொகுதியாகவோ மாற்றும் முதலீட்டாளருக்கு அரசு வரியில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற யோசனை உலகில் புதியதல்ல. பிரான்சில் 1962இலும் அமெரிக்காவில் 1976இலும் இதற்குச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் இன்றைய முறைப்படி, வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடம் ஒன்றைத் திருத்தச் செலவான தொகையில் 20 சதவீதத்தை உரிமையாளர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வேலை முடிந்து, பழைமை கெடவில்லை என்று அரச திணைக்களம் சான்று தந்த பிறகுதான் அது கிடைக்கும். ஐந்து வருடத்துக்குள் கட்டடத்தை விற்றால் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இலங்கையில் பழகிப்போன வழி வேறு. இங்கே கொடுப்பது வரிவிடுமுறை. 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க உபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டத்தின்படி ஒரு திட்டத்துக்கு 25 வருடங்கள் வரை விலக்களிக்கலாம். கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 2021இல் அதை 40 வருடங்கள் வரை நீட்டியது. வரிவிடுமுறை இலாபத்துக்குத் தரப்படும் பரிசு. கூரையை ஒழுங்காக வேய்ந்தாரா, பழைய மரவேலையைக் காப்பாற்றினாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நன்றாக ஓடும் விடுதி பல வருடம் வரி கட்டாமல் இருக்கும். கட்டடத்தைக் கவனமாகத் திருத்திவிட்டு இலாபம் காணாத விடுதிக்கு ஒன்றும் கிடைக்காது. சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஆட்சிமுறை அறிக்கையில், வெளிப்படையான நடைமுறை ஒன்று வரும்வரை 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கவோ நிறுத்திவைக்கவோ சொன்னது. அந்த நிறுவனத்தின் எல்லா ஆலோசனையும் ஏழைக்கு நல்லதல்ல. இது நல்லது.

அரசே செலவழித்துப் புதுப்பித்த கட்டடங்களும் உள்ளன. கொழும்புக் கோட்டையின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையை நகர அபிவிருத்தி அதிகார சபை திருத்தி 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தது. அந்த அதிகார சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. அதே வருடம் மெனிக் பாமில் எங்கள் சனம் இன்னும் தறப்பாளுக்குள் இருந்தது. அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். எந்தக் கூரை முதலில் என்ற கேள்வி அன்றே இருந்தது.

மலையகத்தில் இந்த மாற்றம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியானது. பொகவந்தலாவைப் பக்கம் துரை பங்களாக்கள் 2005இலிருந்து உயர்விலை விடுதிகளாக இயங்குகின்றன. கட்டடங்கள் அழியாமல் நின்றது உண்மை. அதைக் குறை சொல்ல முடியாது. சப்ரகமுவவிலும் இதைச் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எதிரியல்ல.

ஆனால் யாருடைய காசு என்று கேட்க வேண்டும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனாலும் அது குத்தகைதான். பங்களா பொதுச்சொத்து. அதைத் திருத்தக் கொடுக்கும் வரிச்சலுகையும் பொதுப்பணம். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமான பெறுமதிசேர் வரியைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் சவர்க்காரத்திலிருந்து தொலைபேசி ரீலோட் வரை கட்டுகிறார். அவர் படுப்பது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் இஸ்தோப்பும் உள்ள லயத்தில். 2016 மே மாதம் இதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுப்பிட்டிய களுபான தோட்டத்தில், மண் சரிந்து லயத்தோடு ஆட்களை மூடியது.

சட்டமும் இங்கே உதவாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தானாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. தோட்டக் கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. அமைச்சர் தனியாக அறிவித்தால்தான் உண்டு. லயத்தை யார் அறிவிக்கப் போகிறார்கள்? அறிவிக்கச் சொல்லி அதில் வாழ்பவர்களும் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு வேண்டியது வெளியேறுவது. ஆனாலும் ஓரிரண்டாவது நினைவுக்கு நிற்க வேண்டும். கம்பளைப் பக்கம் ராஜதோட்டத்தில் பழைய லயம் ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருப்பது ஒரு தன்னார்வ நிறுவனம். 1977இலும் 1981இலும் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் 2009இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காட்ட சப்ரகமுவவில் ஒரு சுவராவது இருக்க வேண்டாமா?

வரிச்சலுகை வருமானால் அமெரிக்க முறையில் வரட்டும்: வேலை முடிந்த பின், சான்று பெற்ற பின், செலவில் ஒரு பங்கு. அத்தோடு ஒரு நிபந்தனை. அதே தோட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தானது என்று குறித்த லயங்களில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்றாமல் பங்களாவுக்குச் சலுகை இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று குத்தகைக் காலம். 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. மீதியிருக்கும் குறுகிய காலத்துக்காகப் பெரிய பணத்தைக் கட்டடத்தில் போட எந்தக் கம்பனியும் தயங்கும். ஆகவே வரிச்சலுகையோடு சேர்த்துக் குத்தகை நீடிப்பையும் கேட்கும். அந்த மேசையில் தொழிற்சங்கங்களும் உட்கார வேண்டும். நீடிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே, தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுக் காணியை அளந்து பிரித்து, உறுதியோடு குத்தகை நிலத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.