புகை மணக்கும் தேநீர்

பாலில் புகைவாடை ஏறிவிட்டால் நம் இல்லங்களில் அதைப் பூனைக்கு ஊற்றுவார்கள். பூனையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போவதுண்டு. ஆகவே, வேண்டுமென்றே புகையூட்டித் தேயிலை செய்கிறார்கள் என்றால் நம் தாய்மார்கள் நகைக்கத்தான் செய்வார்கள். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஹாங்காங்கிலிருந்து ஊர் வந்த பங்கு இளைஞர் ஒருவர் சிறு தகர டப்பா ஒன்றை நம் கையில் தந்தபோது நாமும் நகைத்தோம். மூடியைத் திறந்ததும் குருமனை முழுதும் விறகடுப்பு மூட்டியதுபோல் ஆயிற்று.

இதன் பெயர் லாப்சாங் சூசோங். சீனத்தின் புஜியான் மாநிலத்து வூயி மலையிலுள்ள தோங்மு என்னும் சிற்றூரே இதன் தாயகம். குளிரும் மூடுபனியும் நிறைந்த அம்மலையில் இலையை வெயிலில் வாட்டுவது அரிது. எனவே, பல அடுக்கு மரக்கட்டிடம் ஒன்றின் அடியில் பைன் விறகை எரித்து, மேல்தட்டுகளில் பரப்பிய இலையை அவ்வெப்பத்தில் வாட்டுகிறார்கள். பிறகு கசக்கி உருட்டி, கூடையில் மூடிவைத்துச் சிவக்கவிட்டு, மீண்டும் பைன் புகையிலேயே உலர்த்துகிறார்கள். அவ்வூரில் படையொன்று தங்கியதால் வேலை தடைப்பட, கெடவிருந்த இலையை அவசரமாகத் தீயில் காயவைத்ததால் இது பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், மலையின் ஈரமே இதற்குப் போதிய காரணம் என்பது நம் எண்ணம்.

அந்தத் தோங்முவைச் சேர்ந்த குவாதுன் என்னும் குக்கிராமத்துக்கு 1873-ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக் குரு சென்றார்: வின்சென்சியன் சபையின் அர்மாந்து தாவீது அடிகளார். பாண்டாக் கரடியை 1869-இல் மேலைநாட்டு அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தவர் இவரே. அங்கும் அவர் தேடிச் சென்றது பறவைகளையும் விலங்குகளையும்தான்.

நாம் முதல் நாள் செய்த பிழையைச் சொல்லாமலிருக்கலாகாது. நீலகிரித் தேயிலைத்தூளைப் போடுவதுபோல் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டோம். எரிந்த கூரையை அணைத்த நீர்போல் இருந்தது. தூளுக்குக் கொதி வேண்டும்; முழு இலைக்கு அது வேண்டா. ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை போதும். நன்கு கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, இலையின்மேல் ஊற்றி மூடி, இரண்டு மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். பால் வேண்டா. நிறம் செம்பு. முதல் வாயில் புகை முன்னே நிற்கும்; சற்று ஆறியபின் உலர்ந்த பழத்தின் இனிப்பு மெல்ல எழும். அதே இலையில் இரண்டாம் முறை வடித்தது நமக்கு இன்னும் பிடித்தது. டப்பாவை மட்டும் அரிசிப் பானைக்கு அருகில் வைக்கவேண்டாம். சோறும் புகை மணக்கும்!

இரயில்வேயில் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட முதியவர் ஒருவர் மாலைத் திருப்பலி முடிந்து நம்மைக் காண வருவார். மனைவியை அடக்கம் செய்த நாள்முதல் அவர் அதிகம் பேசுவதில்லை. அன்று ஒரு கோப்பை தந்தோம். ஒரு வாய் பருகினார். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"சாமி, என் வீட்டுக்காரி சவுக்கு விறகுல காபி போட்டா இந்த வாசனைதான் வரும். புகை நாத்தம்னு தினம் அவளத் திட்டுவேன். கரிப்புகையிலேர்ந்து வந்தா வீட்லயும் புகையான்னு."

பின்பு கேட்டார்: "இது இங்க கெடைக்குமா சாமி?"

கிடைப்பது எளிதன்று. தோங்மு மலை இன்று காக்கப்பட்ட காடு. பைன் மரத்தை எண்ணியபடி வெட்ட இயலாது. 2005-இல் புகையூட்டாத ஜின் ஜுன் மெய் என்னும் தேயிலையை அவ்வூரார் செய்தார்கள். அதற்குக் கிடைக்கும் பெருவிலை புகைத்தேயிலைக்கு இல்லை. புகையில் உண்டாகும் ஒரு வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடுமையான வரம்பு விதித்ததால் அங்கும் விற்பனை தடைப்பட்டது. வெறும் புகைமணச் சாறு தெளித்த போலிகளும் கடைகளில் உண்டு.

இவற்றையெல்லாம் அவரிடம் நாம் விரித்துரைக்கவில்லை. டப்பாவில் பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தோம். பால் சேர்க்கவேண்டாம் என்று மும்முறை சொல்லி அனுப்பினோம். மறுவாரம் அவர் இல்லம் சென்றபோது, பாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையும் இட்டு அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நமக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தோம்.