செலக்‌ஷன் மேஜையில் தொலைந்த லாட் நம்பர்

'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்'னு சொன்னா, எங்க ஊர்ல "புதுசா கட்டடம் கட்டறீங்களா தம்பி?"ன்னுதான் கேப்பாங்க. ஒரு நிறுவனத்துல என்னென்ன வேலை நடக்குது, அதுக்கு என்ன தகவல் வேணும், அது எந்த சாஃப்ட்வேர்ல, யார் கையில இருக்கு... இதையெல்லாம் ஒரே வரைபடத்துல கொண்டு வந்து, மாற மாறத் திருத்திக்கிட்டே இருக்கற வேலை. சென்னையில அடியேன் பொழப்பு ஓடறது இதுல தான் :-)

கொஞ்ச நாள் முன்னாடி வாணியம்பாடியில (2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். வாய் இன்னும் வேலூர்னுதான் சொல்லுது) தெரிஞ்சவர் தோல் ஷாப்புக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாம். பல லட்சம் செலவு பண்ணி ஈஆர்பி போட்டிருக்காங்க. கொள்முதல், கெமிக்கல் ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் பளபளன்னு ஓடுது. பையர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கார். இந்த பினிஷ்டு லெதர் எந்த லாட் பச்சைத்தோல்ல இருந்து வந்தது? ரெண்டு நாள் தேடியும் சிஸ்டத்துல பதில் இல்ல.

அந்தக் கேள்வி வெட்டிக் கேள்வி இல்லை. தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல இருந்தா, உடம்பில் படற தோல் பொருளை ஐரோப்பிய யூனியனில் விற்க முடியாது. 2015 மே 1-லிருந்து இதுதான் விதி. டெஸ்டில் ஒரு சாம்பிள் மாட்டினா எந்த லாட், எந்த டிரம்னு சொல்லத் தெரியணும். தெரியலைன்னா மொத்த சரக்கு மேலயும் சந்தேகம் விழும்.

ஏன் தெரியலை? பச்சைத்தோலை எடை போட்டு வாங்கறோம். வெட் புளூ ஆனதும் பீஸ் கணக்கு. விக்கும்போது சதுர அடி. நடுவுல ஸ்பிளிட்டிங்ல ஒரு தோல் ரெண்டாகுது. அப்புறம் செலக்‌ஷன். வேற வேற நாள் டிரம்மில் இருந்து இறங்கின தோலை எல்லாம் தரம் பார்த்து ஒண்ணா அடுக்கறாங்க. லாட் நம்பர் செத்துப் போற இடம் அதுதான். ஈஆர்பி போட்டவங்க ஆபீஸ் ரூமைத் தாண்டி அந்த மேஜைக்கு வரவே இல்லை.

செலக்‌ஷன் பாய்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. எதை எதோட கலந்தார்னு அதுல இருக்கு! "என்கிட்ட யாருமே வந்து கேக்கலையே தம்பி"ன்னார்.

இந்தத் துறையின் ஆதிமூலமான ஜான் ஸாக்மன், 1987-ல் ஐபிஎம் இதழில் எழுதின கட்டுரையில் விரிவா வரைஞ்சது மூணு கேள்விதான்: என்ன, எப்படி, எங்கே. யார், எப்போது, ஏன் என்கிற மத்த மூணும் 1992-ல் சோவாவோட சேர்ந்து எழுதினப்பதான் முழுசா வந்தது. நம்ம ஆளுங்க இன்னும் 1987-லயே நிக்கறாங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்ப, தோல் ஷாப்கள் பொது சுத்திகரிப்பு நிலையத்துல சேரணும், இல்லைன்னா சொந்தமா கட்டணும்னு ஆச்சு. பாலாறு பட்டபாடு அப்படி. பொதுக் குழாயில சேர்ந்துட்டா என் ஷாப்ல குரோம் தண்ணியைத் தனியாப் பிரிக்காம விட்டது ஊருக்கே தலைவலி. குழாய் போட்டதோட வேலையும் முடியாது. தினம் ஒருத்தர் பாக்கணும். சாஃப்ட்வேருக்கு மட்டும் வேற நியாயமா?

நான் சொன்னது ரொம்ப சிம்பிள். செலக்‌ஷன்ல கலக்கும்போது புது நம்பர் கொடுங்க, பழைய நம்பர்களையும் அதோட பதிவு பண்ணுங்க. இதுக்குப் பொறுப்பு கம்ப்யூட்டர் பையன் இல்லை, புரொடக்‌ஷன் மேனேஜர். வேலை கொஞ்சம் மெதுவாகும்தான். ஓனர் தலையாட்டினார்.

பாய் மட்டும் மெதுவா கேட்டார், "என் நோட்டு கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டா, அப்புறம் நான் எதுக்கு தம்பி?"

வரைபடத்துல 'யார்'ங்கற கட்டத்துல உங்க பேர்தான் வரும் பாய்னு சொல்லிட்டு ஓனரைப் பார்த்தேன். அவர் டீ சொல்லி அனுப்பினார்.