அடித்தகட்டுக்கு இரும்பு வேண்டாம்!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1967 முதல் ஆர்கோ என்னும் வண்டி தயாராகிறது. ஆறு அல்லது எட்டுச் சக்கரங்கள். உடல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. நிலத்தில் ஓடும், நீரில் டயர்களே துடுப்பாகச் சுழல, மிதந்து செல்லும். பாறையும் மரக்கட்டையும் தொட்டியின் அடியைக் கிழிக்காதிருக்க, சிலர் வீட்டிலேயே ஒரு காப்புத் தகடு செய்து பொருத்துகிறார்கள். எதில் செய்வது?

'இரும்புதான் உறுதி' என்பீர்கள். சற்றுக் கணக்குப் போடுங்கள். தகடு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 6 மி.மீ. தடிமன் என்றால் கன அளவு 12 லிட்டர். இரும்பில் எடை சுமார் 94 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி நீர் தாங்குவது 12 கிலோவைத்தான். மீதி 82 கிலோவை வண்டி சுமக்க வேண்டும். அதாவது, ஏற வேண்டிய ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும்! அலுமினியமானால் மீதி 20 கிலோ. உயர் அடர்த்திப் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கோ மொத்தமே பதினொன்றரைக் கிலோதான். தானே மிதக்கும், பாறையில் வழுக்கியும் செல்லும். என் ஓட்டு அதற்கே.

அதற்கும் குறும்புக் குணங்கள் உண்டு. பசை எளிதில் ஒட்டாது, போல்ட்தான் வழி. தொட்டியில் இடும் ஒவ்வொரு துளையும் நீர் புகும் வாசல் என்பதால், ரப்பர் வாஷர் வைத்து நெருக்க வேண்டும். வெப்பத்தில் அது இரும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விரியும். 50 டிகிரி வேறுபாட்டில் நம் தகடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். உள்ளிருக்கும் எஃகுச் சட்டத்தோடு இறுக முடுக்கினால் நெளிந்துவிடும். ஆகவே தகட்டில் வட்டத் துளை கூடாது, நீள்துளையே வேண்டும்.

தொட்டி நீரை வடிக்கும் அடைப்பு அடியில் இருந்தால், அதற்கு நேரே தகட்டிலும் ஒரு துளை வெட்டுங்கள். மறந்தால் முழுவதையும் கழற்ற வேண்டியதுதான்!