மின் இயந்திர ஆய்வகத்தைச் சீர்செய்து, செய்முறையை மாணவர் கையில் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
மின்னியல் மற்றும் மின்னணுவியல் பொறியியல் துறை மாணவர் மன்றம்

பெறுநர்:
உயர்திரு கல்லூரி முதல்வர் அவர்கள்

நகல்:
துறைத் தலைவர் அவர்கள்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்

பொருள்: மின் இயந்திர ஆய்வகத்தின் பாதுகாப்பு, செய்முறை நேரம், ஆய்வகப் பணியாளர் நியமனம், தமிழ்வழி மாணவர்க்கான உதவி, களப் பயிற்சி ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவ மாணவியர் கூடிய எங்கள் மன்றப் பொதுக்குழுவில் ஒருமனதாக நிறைவேறிய கோரிக்கைகளைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம். கோரிக்கைகள் பலவாக இருந்தாலும் எல்லாம் ஒரே குறையிலிருந்து கிளைத்தவை. நான்கு ஆண்டு மின்னியல் படித்து வெளியேறும் ஒருவர், தன் கையால் ஒரு மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்து, தானே ஸ்டார்ட்டரை நகர்த்தி, அதை ஓடவிட்டிருக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் அதைச் செய்யாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போகிறோம்.

மெஷின்ஸ் லேபில் நடப்பதை உள்ளபடி சொல்கிறோம். ஒரு டெஸ்க்கைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறோம். ஏற்கெனவே பழகிய ஒருவர் கனெக்ஷன் கொடுக்கிறார். இன்னொருவர் மீட்டரைப் படித்துச் சொல்கிறார். மற்றவர்கள் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். அடுத்த வாரமும் கனெக்ஷன் கொடுப்பது அதே ஒருவர்தான்; அவருக்குத்தான் வரும் என்று ஆகிவிடுகிறது. வைவாவில் டிசி ஷன்ட் மோட்டாரைத் தொடங்கும்போது ரியோஸ்டாட்டுகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்டால், ஃபீல்டு மினிமம், ஆர்மச்சூர் மேக்சிமம் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆர்மச்சூர் ரியோஸ்டாட்டைக் குறைக்கும்போது மோட்டாரின் ஒலி ஏறுவதைக் காதால் கேட்டு, ஃபீல்டு ரியோஸ்டாட்டைச் சற்றே நகர்த்தி, டேக்கோமீட்டர் 1500ஐத் தொடும் இடத்தில் கையை நிறுத்தியவருக்குத்தான் அந்தப் பதிலின் பொருள் தெரியும். ஃபீல்டு சுற்று அறுந்தால் மோட்டார் கட்டுமீறி வேகமெடுக்கும் என்று புத்தகம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மனப்பாடம் செய்தவர் ஃபீல்டு முனையின் திருகை இரண்டாம் முறை இறுக்கிப் பார்ப்பாரா என்பது, அவர் முன்பு எத்தனை திருகுகளை இறுக்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

மூன்று விளக்கு முறையில் ஆல்டர்னேட்டரை மின்தொகுப்போடு இணைக்கும் சோதனை எங்கள் பாடத்திட்டத்திலேயே மிகச் சிறந்தது என்று கருதுகிறோம். மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் ஃபேஸ் வரிசை தவறு. இரண்டு ஒயர்களை மாற்றிப் போட வேண்டும். வேகத்தை மெல்ல மெல்லச் சரிசெய்யச் செய்ய விளக்குகள் நிதானமாக எரிந்து அணையத் தொடங்கும். அந்த இருட்டின் நடுப்பகுதியில் சுவிட்சைப் போட வேண்டும். மின்னழுத்தம், அதிர்வெண், ஃபேஸ் கோணம் என்று பரீட்சைத் தாளில் வரிசையாக எழுதும் நிபந்தனைகள் எல்லாம் அந்த ஒரு கணத்தில் கண்முன் கூடி வருகின்றன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதியோடு இணைந்தபோது பார்க்கப்பட்டவையும் இதே நிபந்தனைகள்தாம். அதுவரை தனி அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டிருந்த தெற்கு அன்று முதல் ஒரே 50 ஹெர்ட்ஸில் சேர்ந்தது. இவ்வளவு பெரிய செயலின் சிறு வடிவம் எங்கள் ஆய்வகத்தின் மூலையில் இருக்கிறது. விளக்குப் பலகையில் ஒரு ஹோல்டர் உடைந்து கிடப்பதால் அந்தச் சோதனை கரும்பலகையில் படமாக வரைந்து காட்டப்படுகிறது. ரெக்கார்டில் செய்ததாகப் பதிவாகிறது. ஒரு ஹோல்டரின் விலைக்காக இந்தப் பாடம் எங்களுக்குக் கிட்டாமல் போவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

எனவே, ஒரு டெஸ்க்குக்கு நான்கு மாணவர்க்கு மேல் நிற்காதபடி பேட்ச்சுகளைப் பிரித்துத் தர வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் இணைப்புக் கொடுப்பவர் முறைவைத்து மாற வேண்டும். அவர் பெயரைப் பேராசிரியர் அப்சர்வேஷனில் குறித்துக் கையொப்பமிட வேண்டும். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, துணையின்றித் தனியே இணைப்புக் கொடுத்து ஓட்டிக் காட்டுவதற்கு ஒதுக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியாக இருப்பதால் பாடத்திட்டக் குழுவிலேயே இதை முடிவு செய்ய இயலும் என்று நம்புகிறோம். பிரேக் டிரம்மில் மாட்டிய ஸ்பிரிங் தராசுகள் சில, சுமையை எடுத்த பின்னும் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. அவற்றைச் சீர்செய்து, மீட்டர்கள் அனைத்தையும் ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். தவறான தராசிலிருந்து சரியான வரைபடத்தை எதிர்பார்ப்பது, கிடைத்த அளவை மறைத்து எதிர்பார்த்த அளவை எழுதும் பழக்கத்தை மாணவரிடம் வளர்க்கிறது. ஒரு பொறியாளருக்கு இதைவிடக் கேடான பழக்கம் இல்லை.

அடுத்தது பாதுகாப்பு. சென்ற பருவத்தில் மூன்று ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார் சுமைச் சோதனையின்போது எங்கள் மாணவி ஒருவருக்கு மின் அதிர்ச்சி ஏற்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். முனைப் பலகையின் மேல்மூடி இல்லாததால், டிரம்மில் தண்ணீர் ஊற்றக் குனிந்தவரின் புறங்கை திறந்த முனையில் பட்டது. பக்கத்திலிருந்தவர்கள் மெயினை அணைக்க ஓடினார்கள். அவசர நிறுத்தப் பொத்தான் எஃகு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இருவர் சேர்ந்து அலமாரியை நகர்த்திய பிறகே அதை அழுத்த முடிந்தது. அதற்குள் அவர் தானாகவே பின்னால் விழுந்து தப்பினார். கையில் தீக்காயம், இரண்டு வாரத்தில் ஆறியது. அன்று அவர் காலடியில் இருந்த ரப்பர் விரிப்பு நடுவில் கிழிந்து சிமென்ட் தரை தெரிந்த விரிப்பு. சம்பவத்துக்குப் பிறகு அலமாரி மட்டும் இடம் மாறியது. விரிப்பும் மூடியும் அப்படியே இருக்கின்றன.

ஒவ்வொரு டெஸ்க்கின் ஏசி வழங்கலிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்த வேண்டும். அது இருந்திருந்தால் அன்று இமைக்கும் நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கும். டிசி பக்கம் அந்தக் கருவி பயன்படாது என்பதால் அங்கே டிசிக்கென்றே தயாரான பிரேக்கர்கள் தேவை. ஃபியூஸ் கட்டையில் எந்தக் கம்பி கைக்குக் கிடைக்கிறதோ அதைச் சுற்றும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். சுமையில்லாச் சோதனைக்கு ஓர் அளவு, சுமைச் சோதனைக்கு வேறோர் அளவு என்று எங்களுக்குக் கற்பிக்கும் துறையிலேயே அது நடக்கக்கூடாது. ஐஎஸ் 15652 தரத்திலான விரிப்புகளும், முனைப் பலகைகளுக்கு மூடிகளும், தமிழிலும் ஆங்கிலத்திலும் அதிர்ச்சிக்கான முதலுதவி அட்டவணையும் தேவை. எர்த் மின்தடையை அளந்து, அளந்த தேதியோடு சுவரில் எழுத வேண்டும். அந்த அளவீட்டையே ஒரு சோதனையாக எங்களைக் கொண்டு செய்ய வைக்கலாம். நாங்கள் ஆவலோடு செய்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளை வைத்து ஆய்வகம் முழுவதையும் வெளியார் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்து, அந்த அறிக்கையை மாணவர்க்கும் காட்ட வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

இவை அனைத்தையும் கவனிக்க ஆள் வேண்டும். ஆய்வக மெக்கானிக் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் காலியாகவே உள்ளது. எந்த மெஷினின் பிரஷ் எப்போது தேயும், எந்த ஸ்டார்ட்டரின் கைப்பிடி நோ-வோல்ட் காயிலில் ஒட்டாமல் திரும்பிவிடும் என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். ஒரு மோட்டார் முரண்டு பிடித்தால் மாணவர்களை அழைத்து, கவரைக் கழற்றி, காம்யூட்டேட்டரைக் காட்டி விளக்குவார். எங்களில் பலர் காம்யூட்டேட்டரை நேரில் கண்டது அவரால்தான். இப்போது பேராசிரியரே ஸ்பேனர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. அவரால் கற்பிக்கவும் முடியவில்லை, பழுது பார்க்கவும் முடியவில்லை. அந்தப் பணியிடத்தை நிரப்ப உடனே பரிந்துரைக்க வேண்டும். நிரப்பும் வரை தற்காலிகமாக ஒருவரை அமர்த்த வேண்டும்.

ஆய்வக நேரம் வேறு வழியிலும் குறைகிறது. வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் ஆப்டிட்யூட், கோடிங் வகுப்புகள் ஆறாம் பருவம் முழுக்க லேப் மதியங்களில் வைக்கப்படுகின்றன. மென்பொருள் வேலைக்குப் போவோரை நாங்கள் குறை சொல்லவில்லை; வீட்டுக் கடன் அடைக்க வேண்டியவர்கள் எங்களில் நிறையப் பேர். ஆனால் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்ட மாநிலம் இது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மின் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன; கோவையில் மோட்டார், பம்ப் தொழில் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மின்னியல் தெரிந்தவர்கள் வேண்டும். பயிற்சி வகுப்புகளைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் இரண்டும் நடக்கும். பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி மேலாண்மை தொடர்பான கருவிகள் சிலவற்றைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துக் கேட்டுக்கொள்கிறோம்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, தமிழ்வழியில் படித்த பலர் எங்கள் துறையில் சேர்ந்துள்ளனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்களில் அதிகம். பிளஸ் டூ இயற்பியலில் ஓமின் விதியையும் கிர்க்காஃப் விதிகளையும் தமிழில் நன்றாகக் கற்றவர்கள், சர்க்யூட் தியரி வகுப்பில் முதல் மாதமே பின்தங்குகிறார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். கேள்வி புரிவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது. அரியர் அங்கே தொடங்கி, எலக்ட்ரோமேக்னடிக் தியரியில் குவிகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. மின்னியலுக்கு அது வரவில்லை. தமிழ்வழிப் பிரிவு தொடங்குமாறு நாங்கள் இப்போது கேட்கவில்லை. முதல் இரண்டு பருவங்களில் வாரம் மூன்று மணி நேரம் தமிழில் விளக்க வகுப்பும், வைவாவில் தமிழில் பதில் சொல்லும் உரிமையும், நூலகத்தில் ஏஐசிடிஇ தமிழில் வெளியிட்டுள்ள பாடநூல்களின் படிகளும் வேண்டும். விளக்க வகுப்புகளை நடத்த மூத்த மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். அறையும் நேரமும் ஒதுக்கினால் போதும்.

களப் பயிற்சி பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். துணைமின் நிலையப் பயிற்சிக்கு மாணவர்கள் இரண்டு வாரம் அனுப்பப்படுகிறார்கள். மாணவிகள் ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதற்குப் பாதுகாப்பு காரணமாகக் காட்டப்படுகிறது. போக்குவரத்தும் பொறுப்பாசிரியரும் இருந்தால் அந்தக் கவலை தீரும். உடன் படிப்பவர் ரிலே பேனலைத் திறந்து கற்கும்போது எங்கள் மாணவிகள் வேலிக்கு வெளியே நின்று டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துவிட்டு வருவது நியாயமில்லை. மின் அதிர்ச்சியில் காயமுற்ற அதே மாணவி, கை ஆறியதும் முதலில் கேட்டது பாதியில் நின்ற சோதனையை முடிக்க அனுமதிதான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இருபாலர்க்கும் ஒரே கால அளவு, ஒரே பணி என்று எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை வழியாக 6,000 மெகாவாட் வரை வந்திறங்கும் புகளூர் நிலையத்துக்கு இறுதியாண்டு மாணவர் அனைவரையும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுமாறும் வேண்டுகிறோம்.

பாதுகாப்புப் பணிகளை, அடுத்த பருவத்தின் ஆய்வக வகுப்புகள் தொடங்கும் முன் முடித்துத் தர வேண்டும். அதற்கு மட்டும் கால நீட்டிப்பை எங்களால் ஏற்க இயலாது. மற்றவை குறித்துத் துறைத் தலைவரும் மன்றப் பிரதிநிதிகளும் அமர்ந்து பேச, பதினைந்து நாட்களுக்குள் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்து எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உடைந்த ஹோல்டர், மூடியில்லாத முனைப் பலகைகள், கிழிந்த விரிப்புகள் ஆகியவற்றின் பட்டியலை டெஸ்க் வாரியாக எடுத்து இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், ஆண்டுப் பிரதிநிதிகள்
மின்னியல் மற்றும் மின்னணுவியல் பொறியியல் துறை மாணவர் மன்றம்

இணைப்பு: டெஸ்க் வாரியான பழுதுப் பட்டியல், மாணவர் கையொப்பப் படிவங்கள்